அரைஞாண் கயிறு குடுத்த ரிப்போர்ட்டு

வாலே பேராண்டி, வா. செருப்பக் கழத்திப் போட்டுட்டு இந்தத் திண்ணையில ஒக்காரு. பொங்கலுக்கு வாரவன் கையில கரும்பு இருக்கும்னு பாத்தா, கலர் கலரா என்னமோ புஸ்தகம் வச்சிருக்க? கல்யாணப் பத்திரிகையா? இல்லையா? ரத்தம் பாத்த ரிப்போர்ட்டா! ஆத்தாடி, 22 பக்கம். உங்கப்பன் பத்தாங்கிளாஸ் நோட்டு கூட இம்புட்டுத் தடி இல்லையேலே.

காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து ஊசி குத்தி எடுத்துட்டுப் போனாம்னு சொல்லுத. பால்காரனுக்கு முன்னாடி ரத்தக்காரன் வாரானா? நல்ல காலந்தான். எத்தனை டெஸ்டு? 92. தள்ளுபடி வேறயா? ஒண்ணு எடுத்தா ஒண்ணு இனாமா? வேட்டி வாங்கப் போனா அப்படித் தருவான். ரத்தத்துலயுமா?

சிரிக்காத. உங்க தாத்தன் ஒண்ணும் தெரியாதவன்னு நெனைக்காத. முப்பது வருசம் கவர்மெண்டு ஆஸ்பத்திரி லேப்புல அட்டெண்டர் நான். டியூப் கழுவுனவன், சென்ட்ரிஃப்யூஜ் சுத்துனவன். டாக்டருக்குத் தெரிஞ்சது டாக்டருக்கு. டியூப் கழுவுனவனுக்குத் தெரிஞ்சது வேற.

ரத்தத்த டியூபுல விட்டு மிசினுல போட்டுச் சுத்துனா செவப்பெல்லாம் அடியில படிஞ்சிரும். மேல தெளிஞ்சு நிக்கும் பாரு, அதான் சீரம். நல்ல சீரம் வைக்கோல் ஊறுன தண்ணி நெறத்துல இருக்கும். முந்தின ராத்திரி நாலு பரோட்டாவச் சால்னாவுல ஊறப் போட்டு முழுங்கிட்டு வாரானே, அவன் சீரம்? பாலக் கலந்து விட்ட மாதிரி வெள்ளைவெளேர்னு நிக்கும். அதுதான் ட்ரைகிளிசரைடு. எங்க டெக்னீசியனம்மா டியூப வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாப்பாங்க. “இவரு நேத்து எந்தக் கடையில சாப்பிட்டாரு, கேளுங்க தாத்தா”ன்னு சொல்லுவாங்க. மிசினு நம்பர் போடுறதுக்கு முந்தியே எங்களுக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சிரும்.

சரி, குடு உன் புஸ்தகத்த. எங்க என் கண்ணாடி? செவப்புல என்ன போட்டிருக்கான்? வைட்டமின் டி. இந்தா ஹோமோசிஸ்டீன். இதுக்காலே மூணு நாளா சோறு எறங்காம அலையுத?

இந்தச் செவப்பு எப்படி வருதுன்னு தெரியுமா உனக்கு? நோக்காடு இல்லாத நூறு பேர வரிசையா நிறுத்துவாங்க. இந்த ஓரத்துல ரெண்டரைப் பேரு, அந்த ஓரத்துல ரெண்டரைப் பேரு, வெட்டி விட்டுருவாங்க. நடுவுல நிக்கிற 95 பேரு நார்மல். வெட்டுப்பட்ட அஞ்சு பேரு என்ன பாவம் பண்ணுனான்? அவனும் கல்லுக் கணக்காத்தான் இருக்கான். பாதி டெஸ்டுக்கு வேலி போடுற லெச்சணம் இதுதான். ஆக, ஒரு டெஸ்டுக்கு நூத்துல அஞ்சு பேருக்குச் சும்மாவே செவப்பு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத இருபது டெஸ்டு பண்ணுனா, நோவே இல்லாதவனுக்கும் எங்கயாவது ஒரு எடத்துல செவப்பு விழ வாய்ப்பு நூத்துக்கு 64. 92 பண்ணுனா? செவப்பு விழலைன்னாத்தாம்லே ஆச்சரியம்! கம்மாயில வலைய அகலமா வீசுனா மீனு மட்டுமா சிக்கும்? எவனோ தொலைச்ச செருப்பும் சிக்கும். நீ செருப்பக் கையில வச்சுக்கிட்டு அழுதுகிட்டிருக்க.

கொலஸ்ட்ராலுக்குப் போட்ட வேலி மட்டும் வேற சாதி. அது எம்புட்டு ஏறுனா எத்தனை பேருக்கு நெஞ்சு அடைக்குதுன்னு ஆளு பின்னாலயே போயிப் பாத்து நட்ட வேலி. அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு ஊரு. 1948ல அங்க 5,209 பேரு பேர எழுதி வச்சுக்கிட்டு, ரெண்டு வருசத்துக்கொருக்கா கூப்பிட்டுப் பாத்தாங்க. பிரசர் என்ன, கொலஸ்ட்ரால் என்ன, ஊதுதானா இல்லையா, யாரு விழுந்தா, யாரு நிக்கா. இன்னைக்கும் அவன் பிள்ளை பேரன் வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்தப் பொறுமை யாருக்கு வரும்? நம்ம ஊருல மூணு தலைமுறைக்குக் கணக்கு எழுதுற ஒரே ஆளு வட்டிக்கடைக்காரன்தான்.

இங்க பாரு, எல்.டி.எல். 114னு மஞ்சக் கலருல போட்டிருக்கான். இத மிசினு அளந்துச்சுன்னு நெனைக்கியாக்கும்? பல லேப்புல இத நேர அளக்குறதே கிடையாது. கழிச்சுக் கண்டுபிடிக்கிறது. 1972ல ஃப்ரீட்வால்டுங்கிறவரு போட்டுக் குடுத்த வாய்ப்பாடு. அந்தக் குச்சிய எடு, மண்ணுல எழுதுதேன். மொத்தம் 198. நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்லுதானே ஹெச்.டி.எல்., அது 36. ட்ரைகிளிசரைடு 240. அத அஞ்சால வகு, 48. 198ல 36 போச்சு, 48 போச்சு. மிச்சம்? 114. எங்க டெக்னீசியனம்மா இத மனக்கணக்காப் போட்டு எழுதிருவாங்க. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டுன பால் சீரக்காரனுக்கு மட்டும் இந்தக் கணக்கு நிக்காது. அவனத் திருப்பி அனுப்பிருவோம், பட்டினியா வாய்யான்னு.

இந்தப் பட்டினி விசயம் ஒண்ணு. அந்தக் காலத்துல பன்னெண்டு மணி நேரம் பச்சத் தண்ணி கூடக் குடிக்காம வந்து வரிசையில மயங்கி விழுந்தவங்களத் தூக்கி ஒக்கார வச்சது நாந்தான். பச்சத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? எவனும் சொல்லல. இவங்களா சேத்துக்கிட்டது. பெறகு 2016ல ஐரோப்பாக்கார டாக்டருக கூடிப் பேசி, கொலஸ்ட்ராலுக்குப் பெரும்பாலும் பட்டினியே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

குச்சிய வச்சிராத, இன்னொரு கழித்தல் இருக்கு. மொத்தத்துல நல்லத மட்டும் கழி. 198ல 36. 162. உன் 22 பக்கத்துல இது எங்கயோ ஓரத்துல எறும்பு எழுத்துல கெடக்கும், தேடு. நான்-ஹெச்.டி.எல்.னு பேரு. வம்பு பண்ணுத பயலுக அம்புட்டுப் பேரும் இதுக்குள்ள அடக்கம். 130க்குள்ள இருந்தா நல்லது. உனக்கு 162. வைட்டமினுக்கு அழுத பய இத ஏன் பாக்கல? கலர் கொட்டிக் காட்டல, அதான?

இப்ப ஆட்டுக்கு வருவோம்.

நம்ம கம்மங்கொல்லையில ஆடு புகுந்துட்டுன்னு ஒருத்தன் ஓடி வாரான். நீ என்ன கேப்ப? மொத்தம் எத்தனை கிலோன்னா கேப்ப? எத்தனை உருப்படின்னுதான கேப்ப? மேயுறது வாயிலே, எடையில்ல. எல்.டி.எல்.னு அவன் போட்டுக் குடுக்குறது எடை. கொழுப்ப உருண்டையாக் கட்டி ரத்தம் தூக்கிக்கிட்டு அலையுதுல்லா, அந்த உருண்டைக்குள்ள எம்புட்டுக் கொலஸ்ட்ரால் இருக்குங்கிற எடை. ஆனா குழாய்ச் சுவத்துக்குள்ள நுழைஞ்சு ஒக்காந்துக்கிட்டு வீங்க வைக்கிறது உருண்டை. வேடிக்கை என்னன்னா, அந்த ஒவ்வொரு உருண்டை கழுத்துலயும் ஒரு மணி கட்டியிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு கிடையாது. அப்போ-பின்னு பேரு. மணிய எண்ணுனா ஆட்ட எண்ணுன மாதிரி. உன்ன மாதிரி தொந்தியும் ட்ரைகிளிசரைடும் ஏறுன ஆளுக்கு ஆடுக சவலையா, சிறுசா இருக்கும். தூக்கி எடை போட்டா, அட பரவாயில்லையேன்னு தோணும். மணிய எண்ணுனா மந்தையே நிக்கும்.

உனக்கு அப்போ-பி பாத்திருக்கானா? தேடு தேடு. 92 டெஸ்டுல்லா, இருக்கும். என்னது, இல்லையா? துத்தநாகம் பாத்திருக்கான். செம்பு பாத்திருக்கான். ஈயம் கூடப் பாத்திருக்கான். நீ என்னலே, பாத்திரக் கடையா?

ஹோமோசிஸ்டீனுக்கு வா. அது கூடுனவனுக்கு நெஞ்சு நோவு கூட வருதுங்கிறது நெசந்தான். சரி, வைட்டமின் மாத்திரை குடுத்து அதக் கொறைப்போம்னு ஆயிரக்கணக்கான பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க. 2006ல முடிவு வந்துச்சு. நம்பர் எறங்கிருச்சு. மாரடைப்பு எறங்கல. கடியார முள்ளத் தள்ளி வச்சா பொழுது விடிஞ்சிருமா? அதே வருசம் இன்னொரு கூத்து. நல்ல கொலஸ்ட்ரால ஏத்துனா நல்லதுதானன்னு ஒரு புது மருந்து. பதினஞ்சாயிரம் பேர வச்சுப் பாத்தாங்க. நல்லது பாதிக்கு மேல ஏறிச்சு. கூடவே சாவும் ஏறிச்சு. பாதியிலயே நிப்பாட்டிட்டு மருந்தத் தூக்கிக் கடாசுனாங்க. அதுக்குப் பெறகுதான், ஹெச்.டி.எல். கொறைஞ்சவனுக்கு ஆபத்து கூடங்கிறது ஒரு அடையாளம், அத ஏத்துறது வைத்தியமில்லன்னு படிச்சவங்களுக்கு வெளங்குச்சு. மழைக்கு முன்னால தும்பி தாழப் பறக்கும். தும்பியப் பிடிச்சுக் கீழ எறக்குனா மழை வந்துருமா?

இது என்ன, ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. 11. அது பொகை மாதிரிலே. ஊருக்குள்ள பொகை தெரியுது, சரி. எந்த வீடுன்னு சொல்லாது. நெஞ்சுக்கும் பொகையும், சொத்தப் பல்லுக்கும் பொகையும். ஒண்ணுக்குக் கீழன்னா நல்லது, மூணுக்கு மேலன்னா கொஞ்சம் கவனம். பத்தத் தாண்டிருச்சுன்னா அது நெஞ்சுக் கணக்கே இல்ல, வேற எங்கயோ எரியுதுன்னு அர்த்தம். கொஞ்ச நாளு விட்டுத் திரும்பப் பாக்கணும். ரத்தம் குடுக்கும்போது உனக்குச் சளி இருந்துச்சா? இருந்துச்சுல்லா? மூக்க உறிஞ்சிக்கிட்டே கையை நீட்டியிருக்க. காய்ச்சலுல கெடக்கையில கொலஸ்ட்ரால் பாத்தாலும் கொறைச்சுக் காட்டும், தெரியுமா? எந்த நேரத்துல பாக்கணும்னு தெரியாதவனுக்கு எத்தனை டெஸ்டு பாத்து என்ன?

தாத்தன் ரத்தம் பாக்கவே வேண்டாங்கானேன்னு ஊரெல்லாம் போயிச் சொல்லிறாத. அப்படிச் சொல்லுதவனும் மடையன்தான்.

கீழத்தெருவுல ஒரு வீடு உண்டு. மனுசன் குச்சி மாதிரி இருப்பான். பீடி கிடையாது, தண்ணி கிடையாது. காலையில காட்டுக்குப் போனா பொழுதடைஞ்சுதான் வருவான். நாப்பத்தி மூணு வயசுல ஏரு ஓட்டிக்கிட்டிருக்கும்போதே சாஞ்சிட்டான். “நல்ல மனுசன், கண்ணேறு”ன்னாங்க. அவன் அப்பனும் அப்படித்தான் போனான், சித்தப்பனும் அப்படித்தான். கண்ணேறு தலைமுறை தலைமுறையாவா வரும்? நார்வே நாட்டுல கோரே பெர்க்னு ஒருத்தரு 1963லயே கண்டு பிடிச்சு வச்சிருக்காரு, லிப்போபுரோட்டீன்-ஏன்னு. அதுவும் கொழுப்பு உருண்டைதான், வாலு ஒண்ணு கூடுதலா ஒட்டிக்கிட்டிருக்கும். அப்பன் ஆத்தா குடுத்த சொத்து. நீ ஓடுனாலும் கொறையாது, பட்டினி கெடந்தாலும் கொறையாது. நெலம் எழுதிக் குடுக்காத அப்பன் கூட இத எழுதிக் குடுத்துருவான். அந்த வீட்டுக்கு அதுதான் காரணமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், யாரு பாத்தா? ஆனா அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை பாக்க வேண்டிய டெஸ்டு அது. ஆயுசுக்கு ஒருக்காப் பாத்தாப் போதும். பெரும்பாலும் மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேலன்னா, மத்த விசயத்துல எல்லாம் கயித்த இன்னும் இறுக்கிக் கட்டணும். ஆயுசுக்கு ஒருக்காப் பாக்குற டெஸ்டுல கம்பெனிக்கு என்ன லாபம்? அதான் உன் 92ல அது இல்ல. நான் ஒண்ணும் சொல்லல.

ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பாத்திருக்கான், 5.9. இது நல்ல டெஸ்டு. செவப்பணு ஒண்ணு 120 நாளு வாழும். அந்தக் காலம் பூரா அது மேல எம்புட்டுச் சக்கரை படிஞ்சிருக்குன்னு பாக்குறது. டெஸ்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி கேப்பக்களியும் கீரையுமாத் தின்னுட்டு நல்ல பிள்ளையா வந்து நிப்பானுக சில பேரு. சாதாரண சுகர் டெஸ்டு ஏமாந்துரும். இது ஏமாறாது. மூணு மாசத்து மைசூர்பாவும் எழுதியிருக்கும். 5.7ல இருந்து 6.4 வரைக்கும் வாசல்ல நிக்கன்னு அர்த்தம். 6.5ன்னா உள்ள போயி ஒக்காந்தாச்சு. உனக்கு 5.9. வாசல்ல நிக்க. இதுக்கும் நீ அழல. வைட்டமினுக்கு அழுத.

எந்திரி. எந்திரிலே, நேர நில்லு. மூச்ச உள்ள இழுக்காத, விடு. நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன்? உங்க பாட்டி தையல் டப்பாவுல டேப்பு இருக்கும், எடுத்துட்டு வா. தொப்புளுக்கு நேரா சுத்து. நம்மாளு ஆம்பளைக்கு 90 செண்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதுக்குள்ள இருக்கணும். உனக்கு? 101. இந்தா, இதுக்கு என்ன கலரு போடுவான் உன் கம்பெனிக்காரன்?

நம்ம பெரியவங்க இடுப்புல அரைஞாண் கயிறு எதுக்குக் கட்டுனாங்கன்னு யோசிச்சிருக்கியா? கோமணத்துக்கு மட்டும்னா நெனைச்ச? கயிறு சதைக்குள்ள பதியுதுன்னா ஆளு பெருக்கான்னு அர்த்தம். செலவில்லாத டெஸ்டு. இப்ப நீ போட்டிருக்கியே எலாஸ்டிக் வச்ச டவுசரு, அது உன் கூடவே சேந்து பெருக்கும். பொய் சொல்லிக்கிட்டே பெருக்கும். எலாஸ்டிக்கக் கண்டுபிடிச்சவன் நெஞ்சு டாக்டருக்குத் தரகனாத்தான் இருக்கணும்.

இன்னொண்ணு கேக்கேன். வந்ததுல இருந்து வாயில ஏலக்காய் மணக்குதே, ஏன்?

தலையச் சொறியாத. ஒரு நாளைக்கு எத்தனை? அஞ்சா? அஞ்சுன்னு சொன்னா எட்டு. சரி. உன் 22 பக்கத்துல எங்கயாவது “நீ ஊதுவியா”ன்னு ஒரு வரி கேட்டிருக்கானா? பிரசர் பாத்தானா? உங்கப்பனுக்கு எத்தனை வயசுல ஸ்டென்டு வச்சதுன்னு கேட்டானா? செம்பு எம்புட்டுன்னு கேட்டவன் சிகரெட்டு எம்புட்டுன்னு கேக்கல!

2004ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. 52 நாட்டு ஆளுகளப் பாத்தாங்க, நம்ம நாடும் அதுல உண்டு. மொத மாரடைப்புல பத்துக்கு ஒம்பது பங்கு ஒம்பதே விசயத்துல அடங்கிப் போச்சு. பொகை, கொழுப்பு, பிரசர், சக்கரை, தொந்தி, மனக்கவலை, காய்கனி தின்னாதது, ஒடம்பு அசையாதது, குடி. இதுல லேப்புக்குப் போயித்தான் தெரியணும்னு இருக்குறது ஒண்ணோ ரெண்டோ. மிச்சமெல்லாம் உன் பொண்டாட்டியக் கேட்டாலே சொல்லிருவா. அந்த ஆராய்ச்சியிலயே இன்னொண்ணும் தெரிஞ்சது. நம்ம தெற்காசியாக்காரனுக்கு மத்தவனவிட ஆறு வருசம் போல முந்தியே மொத அடைப்பு வந்துருது. பஸ்ஸுக்கு மட்டும்தான் நாம முண்டியடிப்போம்னு நெனைச்சேன், இதுக்குமா?

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு அட்டவணை போட்டுக் குடுத்துச்சு. அதுல ரெண்டு வகை. ஒண்ணுக்கு ரத்தம் வேணும். இன்னொண்ணுக்கு ஒரு சொட்டு வேண்டாம். வயசு, ஆணா பொண்ணா, பொகை உண்டா, மேல் பிரசர் எம்புட்டு, ஒசரத்துக்கேத்த எடையா. அந்தக் கட்டத்துல வெரல வச்சா, பத்து வருசத்துக்குள்ள மாரடைப்போ பக்கவாதமோ வர நூத்துக்கு எம்புட்டு வாய்ப்புன்னு சொல்லிரும். நாப்பது வயசுல தொடங்குது அந்த அட்டவணை. உனக்கு 34. அதுக்காக ஒனக்கு லைசென்சு குடுத்தாச்சுன்னு ஏலக்காயக் கடிக்காத.

அட, அந்தக் கடைசிப் பக்கத்துல என்ன, ட்ரோபோனினா? அதையும் எடுத்துட்டானா பாவி. அது ஜோசியம் சொல்லுத டெஸ்டு இல்லலே. நெஞ்சுச் சதை சேதமாகும்போது ரத்தத்துல கசியுற சாமான். நெஞ்சப் பிசையுது, வேர்க்குது, இடது கை கனக்குதுன்னு வாரவனுக்கு ஆஸ்பத்திரியில அவசரமாப் பாக்குறது. அப்படி ஒண்ணு வந்தா கேஸுன்னு சொல்லி சோடாவ ஒடைக்காத, 108க்குப் போன் போடு. நல்லா நடமாடுதவன் காலையில வீட்டு வாசல்ல வச்சு ட்ரோபோனின் பாக்குறது, மழை பேய்ஞ்சுக்கிட்டு இருக்கான்னு பாக்கச் சித்திரை வெயிலுல கொடையோட போன கதை.

உங்க அப்பனுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாங்களே ஸ்டாட்டினு, போடுதானா? வேண்டாங்கானா? இயற்கையா பூண்டு திங்கானாம். ஏன்லே, ஸ்டாட்டினு என்ன ஆகாயத்துல இருந்தா விழுந்துச்சு? ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒரு விவசாயி மகன், ஆயிரக்கணக்கான பூஞ்சையப் பாத்துப் பாத்து, கியோட்டோவுல ஒரு தானியக் கடை அரிசியில பூத்த பூஞ்சையில மொதல்ல எடுத்தாரு, 1970கள்ல. அரிசியில பூத்தது இயற்கை இல்லையா? வாட்ஸப்புல பூத்ததுதான் இயற்கையா? ஸ்டென்டு வச்சவனுக்கு நம்பர் பாத்துப் பேரம் பேசுற வேலையே கிடையாது, ஒழுங்கா முழுங்கச் சொல்லு.

உனக்கு என்ன செய்யணும்னா, இந்தப் புஸ்தகத்துல கொழுப்பும் சக்கரையும் போட்டிருக்குற மூணாம் பக்கத்த மட்டும் கிழி. மத்தத உங்க பாட்டி அடுப்புப் பத்த வைப்பா, வழுவழுன்னு இருக்கு, நல்லா எரியும். அந்த ஒரு பக்கத்தோட ஒரு டாக்டரப் போயிப் பாரு. அப்பனுக்கு ஸ்டென்டுன்னு மொதல்ல சொல்லு. அந்த எட்டையும் சொல்லு, அஞ்சுன்னு சொல்லாத. பிரசரப் பாக்கச் சொல்லு. அப்போ-பியும் லிப்போபுரோட்டீன்-ஏயும் எனக்குத் தேவையான்னு கேளு. மூணு மாசம் கழிச்சு ட்ரைகிளிசரைட மறுபடி பாரு, அது ஒரு நாளைக்கு ஒரு பேச்சுப் பேசும், ஒரு தடவை பாத்து முடிவு கட்டக் கூடாது. அதுக்குள்ள அந்த டேப்பு ரெண்டு விரக்கடை சுருங்கியிருந்தா, இந்தப் பேச்செல்லாம் பாதிக்குப் பாதி கொறைஞ்சிரும்.

இரு, இரு. தெரு முக்குல மணிச் சத்தம் கேக்குதா? மக்களைத் தேடி மருத்துவத்துல வார புள்ள சைக்கிள். 2021ல இருந்து மாசம் தவறாம வாரா. பிரசர் மிசினும் மாத்திரையும் கொண்டாருவா. உனக்கும் ஒருக்காப் பாக்கச் சொல்லுதேன், கைய நீட்டு, காசு கெடையாது.

ஏன்லே பல்ல இளிக்க? அந்தப் புள்ள ரொம்பக் கறாரு. போன மாசம் எனக்கு மேல் பிரசர் 160. “தாத்தா, உப்பு”ன்னு ஒத்த வார்த்தைதான் கேட்டா. நானும் ஊறுகாய நிறுத்திப்புட்டேன்னு சொல்லியிருக்கேன். நீ சட்டுன்னு உள்ள போயி, அடுப்பங்கரை ஓரத்துல ஒரு கருவாட்டுப் பானை இருக்கும், அதக் குளுருக்குப் போத்துற சாக்க வச்சு மூடிட்டு வா. ஓடு. அப்படியே அந்த ஏலக்காய் ரெண்டு எனக்கும் குடு.